சட்டத்துக்குச் சரி, கிணற்றுக்கு நஞ்சு!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை. மலையிலிருந்து இறங்கிவரும் ஆறுமில்லை. வழுக்கையாறு என்று நாம் பெயரிட்டு அழைப்பது மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துபோவது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலும் வானம் சொரிவதைச் சுண்ணாம்புக்கல் தன் வயிற்றிலே ஏந்தி வைத்திருக்கிறது. எஞ்சிய மாதங்களில் அதைத்தான் நாம் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறோம். அதைத்தான் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். வேறு நீர் எமக்கு இயற்கை தரவில்லை. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று எம் முன்னோர் சொல்லிவைத்தது வெறும் அலங்காரப் பேச்சன்று. தண்ணீரைப் பழித்தவனுக்கு இந்த மண்ணில் மாற்றுத் தண்ணீர் கிடையாது என்பதை அறிந்தவர்களின் எச்சரிக்கை அது.

அந்தத் தண்ணீரை இன்று நாம் பழிக்கவில்லை; அதற்கும் மேலாக ஒரு காரியம் செய்கிறோம். அதற்குள் எமது மலசலத்தை விடுகிறோம். விட்டபின் சட்டப்படிதான் விட்டோம் என்று பத்திரமும் வைத்திருக்கிறோம். இந்தப் பத்திரத்தைப் பற்றியே நாம் இங்கு பேசப் போகிறோம்.

குடாநாட்டிலே வைத்தியசாலை, விடுதி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எழும்பும் இடங்களில் சிறு சிறு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. சில பழையன, சில புதியன. பழையவற்றை "மேம்படுத்த" வேண்டும் என்ற பேச்சும் அடிக்கடி எழுகிறது. மேம்படுத்தல் என்பது நல்ல சொல். ஆனால் எதை மேம்படுத்துவது, யாருக்காக மேம்படுத்துவது என்று கேட்டால் பதில் சொல்வாரைக் காணோம். ஆகவே நாமே கேட்டு, நாமே பதிலும் சொல்ல வேண்டியவராகிறோம்.

நாம் கண்ட நிலையம்

அண்மையில் இத்தகைய ஒரு சிறு நிலையத்தைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அதன் இடத்தையும் அதற்கு உரியவர்களையும் பெயர்சொல்லிக் குறிப்பிட நாம் விரும்பவில்லை. குற்றம் ஒருவருடையதாய் இருந்தால் பெயர் சொல்லலாம். இது ஊர் முழுவதன் குற்றம்.

வாசலிலே நினைவுக்கல் இருந்தது. திறந்துவைத்தவரின் பெயரும் பதவியும் பொன்னெழுத்தில் மின்னின. உள்ளே காற்றூதும் இயந்திரங்கள் இரண்டு. ஒன்று பழுதாகி நெடுநாள். அதற்கு வேண்டிய உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். மற்றையது நாளில் சில மணிநேரம் ஓடும். மின்சாரக் கட்டணத்துக்கு அஞ்சி மிகுதி நேரம் நிறுத்திவைக்கப்படும். நிலையத்தை இயக்குகிறவர் யார் என்று வினவினோம். காவலாளி முன்வந்தார். இயந்திரத்தின் கைநூல் எங்கே என்றோம். ஆங்கிலத்தில் அச்சிட்ட தடித்த புத்தகம் ஒன்றைத் தூசி தட்டிக் காட்டினார். தமக்கு அது வாசிக்க வராது என்பதையும் ஒளிக்காமற் சொன்னார். அவரை நாம் குறைகூற மாட்டோம். படிக்க முடியாத நூலைக் கையில் கொடுத்து, பழக்காத வேலையைத் தலையில் வைத்தவர்களையே குறைகூறுவோம்.

நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது? வளவின் பின்புறம் ஒரு குழி. குழிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். வேலிக்கு அப்பால் ஒரு தோட்டம். தோட்டத்தின் நடுவே ஒரு கிணறு.

"எல்லாம் சட்டத்துக்குள்தான் இருக்கிறது" என்று எமக்குச் சொல்லப்பட்டது. நாம் அதை மறுக்கவில்லை. ஒரு பேச்சுக்கு அது முழு உண்மை என்றே கொள்வோம். அப்படிக் கொண்டாலும் கிணறு தப்பாது என்பதுதான் நாம் காட்ட விரும்பும் செய்தி.

ஆறில்லா ஊருக்கு ஆற்றுச் சட்டம்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் கழிவுநீருக்கான அளவுகோல்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 2008 இல் அவை வர்த்தமானியில் புதுப்பிக்கப்பட்டன. உள்நாட்டு மேற்பரப்பு நீரில், அதாவது ஆற்றிலும் குளத்திலும், விடப்படும் கழிவுநீர் லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவையைக் கொண்டிருத்தல் ஆகாது. மிதக்கும் திண்மங்கள் 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அமோனிய நைதரசன் 50 மில்லிகிராம் வரை இருக்கலாம்.

இந்த அளவுகோல்களோடு ஒரு குறிப்பும் சேர்ந்திருக்கிறது. கழிவுநீரை ஏற்கும் தூயநீர் அதைப்போல் குறைந்தது எட்டு மடங்காவது இருக்கும் என்ற எண்ணத்திலேயே இவ்வெல்லைகள் வகுக்கப்பட்டன. கலப்பு அதனிலும் குறைந்தால் எல்லையும் அதற்கேற்பக் குறையவேண்டும் என்பதே அக்குறிப்பின் சாரம். மகாவலிக் கரையிலும் களனிக் கரையிலும் இருப்பவருக்கு இது பொருந்தும். எமக்கு எட்டு மடங்கு தூயநீர் எங்கே? எட்டு மடங்கென்ன, ஒரு மடங்கு ஓடும் நீரைக் காட்டுங்கள் பார்ப்போம்! அந்தக் குறிப்பை அதன் சொற்படியே இங்கு பொருத்தினால் எல்லை பூச்சியத்தை நோக்கி இறங்கும். ஆனால் பத்திரம் எழுதும் கைக்கு அட்டவணை தெரிகிறது. அட்டவணையின் அடியிலுள்ள குறிப்புத் தெரிவதில்லை.

அடுத்து, அமோனியக் கணக்கைப் பாருங்கள். மண்ணுக்குள் இறங்கிய அமோனியா அமோனியாவாகவே இருப்பதில்லை. காற்றுள்ள மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அமோனியாவிலுள்ள நைதரசன் 50 மில்லிகிராமும் நைத்திரேற்றாக மாறினால், அதன் நிறை ஏறத்தாழ 221 மில்லிகிராம் ஆகும். குடிநீரில் இருக்கத்தக்க நைத்திரேற்றின் மேலெல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே, சட்டத்தை எழுத்துக்கு எழுத்துக் காத்து நடக்கும் ஒரு நிலையம், குடிநீர் எல்லையின் நான்கு மடங்குக்கு மேற்பட்ட நைத்திரேற்றை ஒரு தோட்டக்காரனின் கிணற்றுக்கு அனுப்பிவைக்க முடியும். அனுப்பியபின் "நாம் குற்றம் செய்யவில்லை" என்று பத்திரத்தை உயர்த்திக் காட்டவும் முடியும். அந்த ஒரு பங்கு நீரைக் குடிக்கத்தக்க எல்லைக்குள் கொண்டுவர, ஏறத்தாழ மூன்றரைப் பங்கு மாசற்ற நீரை அதனோடு கலக்க வேண்டும். மாசற்ற அந்த நீரைக் கொடுப்பவன் யார்? கேளாமலே எடுக்கப்படுகிறது, அடுத்த வளவுக்காரனின் கிணறே அதைக் கொடுக்கிறது.

மணக்காத நஞ்சு

சுன்னாகத்தை நாம் மறக்கவில்லை. மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தபோது மக்கள் வாளியை முகர்ந்தார்கள், மணத்தது. பார்த்தார்கள், படலம் மிதந்தது. வீதிக்கு வந்தார்கள், வழக்கும் வந்தது. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், அழுக்காக்கியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டி, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. அது எம்மக்களுக்குக் கிடைத்த ஒரு பெரும் வெற்றி.

ஆனால் எண்ணெய் மணக்கும்; நைத்திரேற்று மணக்காது. அதற்கு நிறமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்றுச் சாகாது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைக்குக் கொதித்தாறிய நீரில் பால்மாக் கரைத்துக் கொடுக்கும் தாய், தன் குழந்தையைக் காப்பதாகவே எண்ணுகிறாள். 1945 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர், கிணற்று நீரின் நைத்திரேற்றினால் சிசுக்களின் இரத்தம் ஒட்சிசனை ஏந்தும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிப்பதைக் கண்டு எழுதினார். எமது குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை மீறியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டினர். நாற்பது ஆண்டுகள் போயின. அறிக்கைகள் அடுக்கில் உறங்குகின்றன, நைத்திரேற்று உறங்கவில்லை.

இங்கே சிலர், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி விட்டிருக்கிறோமே என்பர். ஐம்பது அடி என்பது நீரை மெல்ல வடிகட்டி அனுப்பும் மணலுக்கும் மண்ணுக்கும் சொன்ன கணக்கு. வெடிப்பும் குகையுமாய்க் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லில் நீர் வடிந்து செல்வதில்லை. வழி கண்ட இடத்தால் ஓடுகிறது. புத்தூர் நிலாவரையை எட்டிப் பார்த்தவர்க்கும், கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலையில் மூழ்கி எழுந்தவர்க்கும் நிலத்தின் கீழே என்ன வழிகள் இருக்கின்றன என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. இந்த ஐம்பது அடி தானும் எத்தனை வளவுகளில் இருக்கிறது? நகரில் ஒன்றரைப் பரப்புக் காணியில் வீடும் கிணறும் குழியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒருவன் தன் கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளிக் குழி வெட்டினால், அது அயலவன் கிணற்றுக்கு இருபது அடியில் போய் விழுகிறது.

யாருடைய குற்றம்?

இக்கேள்வி எழும்போதெல்லாம் எம்மிடையே ஒரு பழைய வழக்கு ஆரம்பமாகிவிடும். நகரத்திலுள்ள உத்தியோகத்தர், வைத்தியர், பொறியியலாளர் ஆகியோர் தோட்டக்காரனைக் கைகாட்டுவர். "அவன் அளவின்றி யூரியா போடுகிறான், அதுதான் கிணற்றில் இறங்குகிறது" என்பர். தோட்டக்காரன் நகரத்தைக் கைகாட்டுவான். "அவர்களின் குழிதான் எங்கள் நீரைக் கெடுத்தது" என்பான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, இருவருக்கும் பொறுப்பான சபை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

நாம் இருவருக்கும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: இருவர் சொல்வதும் உண்மை. செம்மண் தோட்டத்தில் ஒரு பயிர் முடியுமுன் மறுபயிர் வைத்து, பயிர் கேளாத உரத்தையும் இறைத்தோம். நகரில் குழிக்குமேல் குழி வெட்டினோம். நீர் இருவர் பாவத்தையும் பிரித்துப் பாராமல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டக்காரனின் உரம் ஆயிரம் வயல்களில் சிதறிக் கிடக்கிறது. அதைத் திருத்தக் காலமும் போதனையும் வேண்டும். கழிவுநீர் நிலையத்தின் நைதரசனோ ஒரே குழாயின் வாயில் வந்து நிற்கிறது. பிடிப்பதானால் அங்கேதான் முதலிற் பிடிக்கலாம். ஓரிடத்தில் வந்து நிற்பதையே பிடிக்க மாட்டாதவர், ஆயிரம் இடத்தில் சிதறியதைப் பிடிக்கப்போவதாகச் சொன்னால் நம்புவார் யார்?

இன்னொரு கணக்கையும் தோட்டக்காரர் முன் வைக்கிறோம். மனிதன் உண்ணும் புரதத்தின் நைதரசன் அவன் கழிவோடு வெளியேறுகிறது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 3 கிலோ என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஆயிரம் பேர் வாழும் ஒரு குடியிருப்பிலிருந்து 3,000 கிலோ நைதரசன் வெளியேறும். அது 50 கிலோ யூரியா மூடை ஏறத்தாழ 130 க்குச் சமம். 2021 ஏப்பிரலில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது, ஒரு மூடை யூரியாவுக்காக எம் விவசாயி எத்தனை கடைவாசல் ஏறி இறங்கினான் என்பது எமக்குத் தெரியும். நவம்பரில் தடை தளர்ந்தது. ஆனால் அந்தப் போகம் திரும்பி வரவில்லை. அதே ஆண்டிலும், அவன் கடைவாசலில் நின்ற அதே நாளிலும், ஆயிரம் பேர் வாழும் ஒவ்வொரு குடியிருப்பும் 130 மூடைக்குச் சமமான நைதரசனைக் கழித்துக்கொண்டிருந்தது. வெண்ணெய் கையிலிருக்க நெய்க்கு அலைந்தோம். அலைந்ததோடு நில்லாமல் அந்த வெண்ணெயைக் கிணற்றிலும் கொட்டினோம்.

மேம்படுத்தல் என்றால் என்ன?

நைதரசனுக்கு மூன்று வழிகளே உண்டு. கிணற்றுக்குப் போகலாம், பயிருக்குப் போகலாம், வந்த இடமாகிய காற்றுக்கே திரும்பலாம். ஒரு நிலையத்தை மேம்படுத்துகிறோம் என்பவர், முதலாவது வழியை அடைத்து மற்ற இரண்டையும் திறந்தார் என்றால் அது மேம்படுத்தல். அதைச் செய்யாமல் சுவருக்கு வர்ணம் பூசி, தொட்டியைச் சற்றுப் பெரிதாக்கி, மேலும் நூறு வீடுகளை அதே குழாயில் இணைத்தால் அது மேம்படுத்தல் அன்று, நஞ்சைப் பெருக்குதல்.

செய்யும் வழி என்ன என்று கேட்பார்க்குச் சொல்கிறோம். இதில் மந்திரமுமில்லை, தந்திரமுமில்லை. எம் பொறியியலாளருக்குத் தெரியாத எதையும் நாம் சொல்லப் போவதுமில்லை.

முதலாவது, அளந்து பார்த்தல். ஒரு முழு ஆண்டு அளக்கவேண்டும். கார்த்திகை மழையில் வடிகாலின் மூடி வழியே மழைநீர் புகுந்து நிலையம் நிரம்பி வழிவதும், ஆவணி வெயிலில் கழிவு தடித்துச் செறிவாவதும் ஒரே நாள் மாதிரியிற் புலப்படா. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்குமிடையில் ஊரெல்லாம் ஒன்றாகக் குளிக்கும். அந்தப் பெருக்கைத் தாங்கி, நாள் முழுவதும் சமனாக விடுவதற்கு ஒரு தாங்குதொட்டி வேண்டும்.

இரண்டாவது, காற்றூட்டும் தொட்டிக்கு முன்னே காற்றில்லாத தொட்டி ஒன்று. காற்றுள்ள தொட்டியில் ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரேற்றாக்கும். அந்த நீரை முன்தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால், அங்கே ஒட்சிசன் இல்லாத நிலையில் வேறு வகைப் பற்றீரியா, புதிதாக வந்த கழிவை உணவாக்கி, நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு நைதரசனை வாயுவாகக் காற்றில் விட்டுவிடும். நைத்திரேற்றாக்கச் செலவழித்த ஒட்சிசனில் பாதிக்கு மேற்பட்ட பயன் இவ்விதம் மீண்டும் கிடைக்கும். காற்றூதும் இயந்திரத்தின் செலவும் அந்த அளவுக்குக் குறையும். பழைய நிலையம் பலவற்றில், இருக்கும் தொட்டியையே தடுப்புச் சுவரால் பிரித்து ஒரு பம்பியும் குழாயும் சேர்த்து இதனைச் செய்ய முடியும். காணி தாராளமாக இருக்குமிடத்தில் இயந்திரமே வேண்டாத குளங்கள் போதும். எம் வெயிலே அங்கே வேலை செய்யும். சம்பும் நாணலும் வளர்த்த பாத்தியினூடே கடைசி நீரைச் செலுத்தியும் தெளியவைக்கலாம். ஆனால் குளமாயினும் பாத்தியாயினும் அடியிலே நீர் இறங்காத படுக்கை இடவேண்டும். சுண்ணாம்புக்கல்லின் மேல் அடித்தளமில்லாக் குளம் வெட்டுவது, வாயகன்ற மலக்குழி ஒன்றை வெட்டுவதே ஆகும்.

மூன்றாவது, இயந்திரம் நில்லாதிருக்கச் செய்தல். பற்றீரியா உயிருள்ளது, அதற்கு விடுமுறையில்லை. 2022 இல் நாட்டில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது, மாற்று மின்பிறப்பாக்கியும் எரிபொருளும் இல்லாத தொட்டிகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். காற்றூதும் இயந்திரம் ஒன்று ஓட, ஒன்று ஓய்ந்திருக்கவேண்டும். ஓய்ந்திருப்பதும் ஓடக்கூடியதாய் இருக்கவேண்டும். உதிரிப்பாகம் களஞ்சியத்தில் இருக்கவேண்டும். கொழும்புக்கு எழுதிய கடிதத்தில் இருந்தாற் போதாது.

நான்காவது, சேற்றை அகற்றுதல். நிலையம் சுத்திகரித்த அழுக்கு மாயமாய் மறைவதில்லை. சேறாக அடியில் நிற்கிறது. அதை உரிய காலத்தில் எடுத்து, உலர்த்தி, சந்தைக் குப்பையோடு சேர்த்து வெப்பமேறப் புளிக்கவைத்துப் பசளையாக்கலாம். எடுக்காமல் விட்டால் தொட்டி நிரம்பிச் சேறே நீரோடு வெளிவரும். பவுசரில் உறிஞ்சி இரவோடிரவாக எங்கோ ஒரு வெளியிற் கொட்டுவது சுத்திகரிப்பன்று, இடமாற்றம்.

ஐந்தாவது, கடைசி நீரை மண்ணுக்குள் புதைக்காமல் பயிருக்குக் கொடுத்தல். வடிகட்டிக் கிருமிநீக்கிய நீரைப் பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வெங்காயத்துக்கும் விடுக என்று நாம் சொல்லவில்லை. தென்னைக்கும், மாட்டுப்புல்லுக்கும், மரநடுகைக்கும் விடலாம். அதுவும் பயிர் ஏற்கும் அளவறிந்தே விடவேண்டும். அளவு மீறினால் அந்த நீரும் கிணற்றையே தேடிப் போகும். அந்த நீரைப் பெறும் தோட்டக்காரன், அதிலுள்ள நைதரசனைத் தன் யூரியாக் கணக்கிற் கழித்துக்கொள்ள வேண்டும். விவசாயப் போதனாசிரியர் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

ஆறாவது, எல்லாவற்றிலும் பெரியது: கணக்கை ஊர் முன் வைத்தல். நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நைத்திரேற்றையும் மலக்கிருமியையும் மாதந்தோறும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதி, நிலையத்தின் வாசலிலும் பிரதேச சபையின் பலகையிலும் தொங்கவிடவேண்டும். நினைவுக்கல்லில் பெயர் பொறிக்க இடமிருக்குமானால், நைத்திரேற்றின் அளவை எழுத ஒரு கரும்பலகைக்கு இடமில்லாமலா போகும்?

பணமில்லையாம்

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்பார் உளர். கட்டப் பணமிருந்தது, காக்கப் பணமில்லையா? திறப்புவிழாவின் பந்தலுக்கும் மாலைக்கும் பணமிருந்தது. காற்றூதும் இயந்திரத்தின் வடிகட்டிக்குப் பணமில்லையா? கடனாகவும் நன்கொடையாகவும் வரும் பணம் கல்லும் கொங்கிரீற்றுமாய் எழும்பி நிற்கும்; அதை இயக்கும் ஊழியனின் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் அந்தப் பணத்தில் ஒரு சதமும் வைக்கப்படுவதில்லை. ஆகவே, நிரந்தர ஊழியர் பதவியும் பத்தாண்டுக்கான பராமரிப்புச் செலவும் எழுத்தில் ஒதுக்கப்படாத எந்த நிலையத்துக்கும் கேள்விப்பத்திரம் கோருதலே ஆகாது என்கிறோம் நாம்.

குழாய்நீர் வந்துவிட்டது, இனிக் கிணறு எதற்கு என்பாரும் உளர். 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்க இணங்கிய யாழ்ப்பாணம், கிளிநொச்சித் திட்டத்தின் பெயரில் நீர்வழங்கலும் இருந்தது, சுகாதாரமும் இருந்தது. இரணைமடு நீரைப் பகிர்வதில் கிளிநொச்சி விவசாயிகளுக்கு நியாயமான அச்சம் எழுந்தது. முடிவில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து 2024 இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் வீட்டுக்கு வரும் குழாய்நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியியலாளர் வழமையாகக் கொள்ளும் கணக்கு. அந்த நிலையம் முழு அளவில் வழங்கும் நாளில் 19,000 கனமீற்றருக்கு மேற்பட்ட கழிவுநீர் பிறக்கும். அது போகும் இடம் எது? பெருஞ்செலவில் கடலிலிருந்து உப்பை நீக்கி எடுத்த நீரை, ஒரு முறை பயன்படுத்திய பின் மலத்தோடு கலந்து நன்னீர்க் கிணற்றுக்குள் விடுவோமானால், எம்மைவிடப் பேதையர் எவர்? தோட்டக்காரன் வெங்காயத்துக்குக் குழாய்நீர் இறைக்கப் போவதுமில்லை. கிணறு கெட்டால் அவன் தொழிலே கெட்டது.

இனிச் செய்யவேண்டியது

சபையைக் கேட்டால் அதிகாரசபையைக் காட்டுகிறது. அதிகாரசபையைக் கேட்டால் அமைச்சைக் காட்டுகிறது. அமைச்சைக் கேட்டால் கொழும்பைக் காட்டுகிறது. கொழும்போ, தன் கழிவைப் பல காலமாகக் குழாய் வழியே கடலுக்குள் தள்ளிவந்த நகரம். கடலுக்குத் தள்ளிப் பழகியவருக்குக் கிணற்றுக்குள் தள்ளுவதன் கொடுமை எப்படித் தெரியும்? ஆகவே இந்த ஊரின் நிலத்தடி நீருக்குரிய அளவுகோலை இந்த ஊரின் சுண்ணாம்புக்கல்லைக் கண்டே வகுக்கவேண்டும். ஆற்றுக்கு எழுதிய அட்டவணையை வைத்து எமது கிணற்றுக்கு அனுமதி வழங்கும் வழக்கம் நிற்கவேண்டும். குடாநாட்டில் மண்ணுக்குள் விடப்படும் எந்தச் சுத்திகரித்த நீரிலும் மொத்த நைதரசன், குடிநீர் எல்லைக்கு இசைந்த அளவாகிய லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று விதி எழுதப்படவேண்டும். இதுவே எமது கோரிக்கை. இதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஏனெனில் விட்டுக்கொடுக்க வேறு தண்ணீர் எம்மிடமில்லை.

பொறியியலாளருக்குச் சொல்கிறோம்: அட்டவணையின் கீழுள்ள குறிப்பைப் படித்தபின் ஒப்பமிடுங்கள். நீங்கள் ஒப்பமிடும் நிலையத்தின் அயற்கிணற்றில் ஒரு கோப்பை நீர் அள்ளிக் குடிக்கத் துணிவிருந்தால் மட்டும் ஒப்பமிடுங்கள். வைத்தியருக்குச் சொல்கிறோம்: கைக்குழந்தையோடு வரும் தாயிடம் எந்தக் கிணற்று நீர் என்று கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். சட்டத்தரணிக்குச் சொல்கிறோம்: சுன்னாக வழக்கின் தீர்ப்பு எண்ணெய்க்கு மட்டும் எழுதப்பட்டதன்று. தோட்டக்காரருக்குச் சொல்கிறோம்: உங்கள் ஊரில் ஒரு நிலையம் எழும்பும்போது, வேலை கிடைக்குமா என்று மட்டும் கேளாதீர்கள், கடைசிக் குழாய் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். அந்தக் குழாயின் முனையை உங்கள் கண்ணாற் காணும்வரை அங்கிருந்து திரும்பாதீர்கள்.

எம் பாட்டன்மார் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினார்கள். துலாவில் ஏறி நடந்து, விடியுமுன் வயலுக்கு இறைத்தார்கள். அவர்கள் எமக்கு விட்டுச்சென்ற சொத்து பொன்னன்று, மாளிகையன்று, குடிக்கத்தக்க நீர். அதை எம் பிள்ளைகளுக்குக் குடிக்கத்தக்க நீராகவே கொடுக்கப் போகிறோமா, அல்லது சட்டத்துக்குச் சரியான ஒரு பத்திரத்தோடு கொடுக்கப் போகிறோமா?

பத்திரத்தைக் கரைத்துக் குடிக்க முடியாது.